காலையில விரல் மடங்க மாட்டேங்குதா? மூட்டு வீக்கம் பத்தி வாசகர்கள் கேட்டதும் டாக்டர் சொன்னதும்

போன இதழ்ல முழங்கால் வலி பத்தி நாலு வரி எழுதினேன், அதுக்கப்புறம் வந்த கேள்விகள்ல பெரும்பாலானது கை விரல், மணிக்கட்டு, பாதம் பத்தினதாவே இருக்கு. நிறைய பேர் மாசக்கணக்கா வலி மாத்திரை போட்டு ஓட்டிக்கிட்டு இருக்கீங்கன்னு படிக்கப் படிக்க தெரியுது, அது எனக்கு உண்மையிலயே கவலையா இருக்கு. அதனால இந்த தடவை வேற எதையும் எடுக்கல, மூட்டு வாதத்தை ஆரம்பத்துலயே எப்படி கண்டுபிடிக்கிறதுங்கிறது மட்டும்தான்.

கேள்வி: டாக்டர், எனக்கு வயசு 34. ரெண்டு மாசமா காலையில எழுந்தா ரெண்டு கை விரலும் மடங்க மாட்டேங்குது, பாட்டில் மூடியைத் திருகக்கூட பத்து மணி ஆகணும். மோதிரம் ஏற மாட்டேங்குது. கட்டிலை விட்டு இறங்கினா பாதத்தோட முன்பக்கம் கல்லு மேல நிக்கிற மாதிரி வலிக்குது. ஆர்ஏ ஃபேக்டர்னு வாதத்துக்கான ரத்த டெஸ்ட் எடுத்தாச்சு, நெகட்டிவ். எக்ஸ்ரே நார்மல். "ஒண்ணும் இல்ல, அசதிதான், சத்து மாத்திரை போடுங்க"ன்னு சொல்லிட்டாங்க. இதோட விட்டுடலாமா?

பதில்: விட்டுடாதீங்கம்மா. ரிப்போர்ட்டை கொஞ்ச நேரம் ஓரமா வச்சுட்டு நீங்க எழுதினதை மட்டும் பாருங்க. ரெண்டு கையிலயும் சின்ன மூட்டுகள், காலையில மணிக்கணக்கா விறைப்பு, மோதிரம் ஏறாத அளவுக்கு வீக்கம், பாதத்துல கால்விரல் ஆரம்பிக்கிற இடத்துல வலி, இதெல்லாம் ஆறு வாரத்தைத் தாண்டி நீடிச்சிருக்கு. இப்படி ஒருத்தர் என் முன்னாடி வந்து உக்காந்தா நான் ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ், அதாவது முடக்கு வாதமா இருக்குமோன்னுதான் முதல்ல நினைப்பேன், அது இல்லைன்னு ஒரு ருமட்டாலஜிஸ்ட், அதாவது மூட்டு வாத ஸ்பெஷலிஸ்ட், கையால தொட்டுப் பார்த்து சொல்ற வரைக்கும் அந்த எண்ணத்தை விட மாட்டேன்.

ஆர்ஏ ஃபேக்டர் நெகட்டிவ்னு வந்ததை வச்சு இந்த நோயை தள்ளிட முடியாது. ஆரம்பக் கட்டத்துல ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு பேருக்கு அது நெகட்டிவாதான் இருக்கும், அதுல சில பேருக்கு கடைசி வரைக்கும் அப்படியே இருக்கும். ஆன்ட்டி சிசிபின்னு இன்னொரு டெஸ்ட் இருக்கு, அது பாசிட்டிவா வந்தா இந்த நோய்தான்னு சொல்றதுக்கு ரொம்ப பலமான ஆதாரம், ஆனா அதுவும் நெகட்டிவா வரலாம். அழற்சியைக் காட்டற ரத்த டெஸ்டான ஈஎஸ்ஆர், சிஆர்பி ரெண்டும் நார்மலா இருந்துக்கிட்டே மூட்டு வீங்கியிருக்கிறவங்களும் இருக்காங்க. எக்ஸ்ரே விஷயம் இன்னும் மோசம், மூட்டோட உள் ஜவ்வு வீங்கறது எக்ஸ்ரேல தெரியாது, எலும்பு அரிக்கப்பட்டதுக்கு அப்புறம்தான் தெரியும், அதாவது எது வராம தடுக்கணும்னு நாம நினைக்கிறோமோ அது வந்தப்புறம்தான் படத்துல விழும். நல்ல கை உள்ளவங்க பண்ற அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்லயோ எம்ஆர்ஐலயோ அந்த ஜவ்வு வீக்கம் முன்னாடியே தெரியும்.

ஏன் இவ்வளவு அவசரப்படுத்தறேன்னா, எலும்பு அரிப்பு பெரும்பாலும் முதல் ரெண்டு வருஷத்துலயே ஆரம்பிச்சிடுது. நெதர்லாந்துல லைடன் நகரத்துல 1993லேர்ந்து ஆரம்ப கட்ட மூட்டு வாதத்துக்குன்னே தனி கிளினிக் நடத்துறாங்க. அங்க வந்தவங்களை வருஷக்கணக்கா பின்தொடர்ந்து பார்த்து 2010ல எழுதினாங்க, அறிகுறி ஆரம்பிச்சு 12 வாரத்துக்குள்ள ஸ்பெஷலிஸ்ட்கிட்ட வந்தவங்களுக்கு மூட்டு சேதம் குறைவா இருந்துச்சு, மருந்தே இல்லாம நோய் அடங்கியிருக்கிற நிலைமைக்கு போனவங்களும் அவங்கள்ல அதிகம். உங்களுக்கு எட்டு வாரம் ஆயிடுச்சு. இந்த வாரமே உங்க டாக்டர்கிட்ட போய் "என் மூட்டு வீக்கத்தை தொட்டுப் பாருங்க, ருமட்டாலஜிஸ்ட்டுக்கு லெட்டர் குடுங்க"ன்னு நேரா கேளுங்க. அப்படிக் கேக்கறது மரியாதைக் குறைவு இல்ல.

கேள்வி: எனக்கு 63 வயசு. விரல் நுனி மூட்டுல ரெண்டு பக்கமும் கெட்டியா முண்டு மாதிரி வளர்ந்திருக்கு, முழங்கால் படி ஏறும்போது வலிக்கும், காலையில ஒரு அஞ்சு பத்து நிமிஷம் பிடிப்பு இருக்கும். ஹெல்த் செக்கப்ல ஆர்ஏ ஃபேக்டர் லேசா பாசிட்டிவ்னு வந்துடுச்சு. பையன் நெட்ல பார்த்துட்டு கை கோணிப் போயிடும்னு பயமுறுத்தறான்.

பதில்: பயப்படாதீங்க ஐயா. முதல் கேள்வி கேட்டவங்களுக்கு நேர் எதிர் உங்க கதை. நுனி மூட்டுல எலும்பு மாதிரி கெட்டியா முண்டு, அஞ்சு பத்து நிமிஷத்துல விடற பிடிப்பு, நடந்தா வலி, உக்காந்தா சுகம், இதெல்லாம் தேய்மானத்தோட அடையாளம். முடக்கு வாதம் பொதுவா நுனி மூட்டை விட்டுட்டு நடு மூட்டையும் விரல் உள்ளங்கையோட சேர்ற கணுவையும் மணிக்கட்டையும்தான் பிடிக்கும். ஆர்ஏ ஃபேக்டர் வயசானவங்கள்ல நோயே இல்லாம லேசா பாசிட்டிவ் வரும், ஹெபடைடிஸ் சி, காசநோய் மாதிரி வேற காரணங்கள்லயும் வரும். மூட்டு அறிகுறி சரியா இல்லாதவங்களுக்கு செக்கப் பேக்கேஜ்ல இந்த டெஸ்டை சேர்க்கிறதே எனக்கு பிடிக்காத விஷயம், அதனால கிடைக்கிறது பயம் மட்டும்தான். ஒண்ணு மட்டும் பார்த்துக்கோங்க, சொரியாசிஸ் தோல் நோய் உங்களுக்கோ நெருங்கின ரத்த சொந்தத்துலயோ இருக்கா, நகத்துல ஊசியால குத்தின மாதிரி குழி குழியா இருக்கா, ஏதாவது ஒரு விரல் அடியிலேர்ந்து நுனி வரைக்கும் மொத்தமா உப்பியிருக்கா? இருந்தா சொல்லுங்க, சொரியாசிஸ் வாதம் நுனி மூட்டைப் பிடிக்கும், அது வேற கணக்கு.

கேள்வி: நான் ஒரு ஜெனரல் பிராக்டிஷனர், டாக்டர். தினமும் மூட்டு வலின்னு வர்றவங்க அவ்வளவு பேர். எல்லாரையும் ருமட்டாலஜிக்கு அனுப்ப முடியாது, அனுப்பினா அவங்களும் திட்டுவாங்க. ஒருத்தருக்கு நாலஞ்சு நிமிஷம்தான் கிடைக்குது. யாரை அனுப்பறது, யாரை வச்சுக்கிறதுன்னு சுருக்கமா சொல்லுங்களேன்.

பதில்: இந்த கேள்வி வந்ததுல எனக்கு ரொம்ப சந்தோஷம், ஏன்னா இந்த நோய் பிடிபடறதும் நழுவறதும் உங்க மேஜையிலதான் நடக்குது, எங்ககிட்ட வர்றதுக்குள்ள பாதி முடிவாயிடுது.

நாலு நிமிஷம் போதும். முதல்ல நேரத்தைக் கேளுங்க. "வலிக்குதா"ன்னு கேட்டா எல்லாரும் ஆமான்னுதான் சொல்வாங்க, அதனால "காலையில எத்தனை மணிக்கு எழுந்தீங்க, கை எத்தனை மணிக்கு உங்க சொல்பேச்சு கேக்க ஆரம்பிச்சுது"ன்னு கேளுங்க, ரெண்டுக்கும் நடுவுல அரை மணி நேரத்துக்கு மேல இருந்தா காதைத் தீட்டிக்கோங்க. அடுத்தது, சும்மா உக்காந்திருந்தா ஜாஸ்தியா, வேலை பார்க்கப் பார்க்க ஜாஸ்தியான்னு கேளுங்க. அழற்சி இருக்கிற மூட்டு ஓய்வுல இறுகும், அசைக்க அசைக்க கொஞ்சம் விடும். அப்புறம் எத்தனை வாரமா, காரணமே தெரியாத களைப்பு இருக்கா, சிகரெட் உண்டா, வீட்டுல யாருக்காவது இந்த வாதமோ சொரியாசிஸோ உண்டான்னு கேட்டுடுங்க. சிகரெட்டை வெறுமனே ஃபார்முக்காக கேக்க வேண்டாம், அது இந்த நோய் வர்ற வாய்ப்பையும் கூட்டுது, வந்தப்புறம் மருந்து வேலை செய்யறதையும் குறைக்குது.

கேட்டாச்சுன்னா கையைத் தொடுங்க. எழுத்துல சொன்னா சின்ன விஷயமா தெரியும், ஆனா வலின்னு வந்தவங்க கையை யாருமே தொட்டுப் பார்க்காம பேனாவை எடுத்துடறாங்கங்கிறதுதான் நான் திரும்பத் திரும்ப கேக்கற புகார். கையை மூடி முழுசா முட்டி பிடிக்கச் சொல்லுங்க, விரல் நுனி உள்ளங்கையைத் தொடலைன்னா அங்கயே ஒரு குறி. கணுக்களுக்கு நடுவுல இருக்கிற பள்ளம் நிரவியிருக்கான்னு மேலேர்ந்து பாருங்க. ஒவ்வொரு மூட்டையும் ரெண்டு கட்டைவிரலால அமுக்குங்க, கெட்டியா எலும்பு மாதிரி இருந்தா தேய்மானம், மெத்துனு அமுங்கிக் குடுத்தா ஜவ்வு வீக்கம். இந்த மெத்து வித்தியாசத்தை புத்தகத்துல படிச்சு தெரிஞ்சுக்க முடியாது, ஒரு அரை நாள் ருமட்டாலஜி ஓபில போய் உக்காந்து தொட்டுப் பார்த்துட்டு வாங்க, வாழ்நாளுக்கும் மறக்காது. கடைசியா உள்ளங்கையோட நாலு கணுவையும் சேர்த்து குறுக்கால பிடிச்சு மெதுவா நெரிங்க, கை குலுக்கும்போது அழுத்துற மாதிரி, உங்க நகம் லேசா வெளுக்கிற அழுத்தம் போதும். முகம் சுளிச்சா பாசிட்டிவ். செருப்பைக் கழட்டச் சொல்லி பாதத்துலயும் இதையே பண்ணுங்க, பல பேருக்கு எலும்பு அரிப்பு முதல்ல ஆரம்பிக்கிறதே பாதத்துலதான், ஆனா பாதத்தை யாரும் பார்க்கறது இல்ல. நெரிச்சப்போ வலிக்கலைங்கிறதை மட்டும் வச்சு வாதம் இல்லன்னு முடிவு பண்ணிடாதீங்க, வீக்கம் இருக்கிற கையிலயும் சில சமயம் இது வலிக்காது.

இனி யாரை அனுப்பறது. 2002லயே எமரிங்கிற ருமட்டாலஜிஸ்ட்டும் அவரோட சக டாக்டர்களும் ஒரு எளிய விதி எழுதினாங்க: மூணு மூட்டோ அதுக்கு மேலயோ வீங்கியிருந்தா, கை கணுவுலயோ பாதத்துல கால்விரல் ஆரம்பிக்கிற இடத்துலயோ நெரிச்சா வலிச்சா, காலை விறைப்பு அரை மணியோ அதுக்கு மேலயோ இருந்தா, இதுல ஏதாவது ஒண்ணு இருந்து வாதம்னு சந்தேகம் வந்தாலே சீக்கிரம் அனுப்புன்னு. பிரிட்டன்ல சிகிச்சை விதிகளை வகுக்கற நைஸ் அமைப்போட வழிகாட்டுதல் இன்னும் தெளிவு. காரணம் தெரியாத மூட்டு வீக்கம் நீடிச்சா அனுப்பு, கை கால் சின்ன மூட்டு பாதிச்சிருந்தாலோ, ஒண்ணுக்கு மேல மூட்டு பாதிச்சிருந்தாலோ, அறிகுறி ஆரம்பிச்சு மூணு மாசமோ அதுக்கு மேலயோ கழிச்சுதான் டாக்டர்கிட்ட வந்திருந்தாலோ அவசரமா அனுப்பு, அதாவது பார்த்து 3 வேலை நாளுக்குள்ள. ரத்த ரிப்போர்ட் எல்லாம் நார்மலா இருந்தாலும் அனுப்புன்னு அதுலயே எழுதியிருக்கு. ஐரோப்பிய ருமட்டாலஜி அமைப்பான யூலார் 2016ல சொன்னது, அறிகுறி ஆரம்பிச்சு 6 வாரத்துக்குள்ள ஸ்பெஷலிஸ்ட் பார்க்கணும், மூணு மாசத்துக்குள்ள நோயைக் கட்டுப்படுத்தற மருந்து ஆரம்பிக்கணும். டெஸ்ட் எழுதிக் குடுங்க, வேண்டாம்னு சொல்லல, சிபிசி, ஈஎஸ்ஆர், சிஆர்பி, ஆர்ஏ ஃபேக்டர், ஆன்ட்டி சிசிபி, லிவர், கிட்னி, கை பாதம் எக்ஸ்ரே எல்லாம் எடுத்து அனுப்பினா எங்களுக்கும் உதவி. ஆனா ரிப்போர்ட் வரட்டும்னு லெட்டரை நிறுத்தி வைக்காதீங்க. லெட்டர்ல "ஜாயின்ட் பெயின்"னு மட்டும் எழுதினா அது குவியலோட அடியில போய் உக்காந்துக்கும், "6 வாரமா ரெண்டு கை கணு வீக்கம், காலை விறைப்பு ஒரு மணி நேரம், நெரிச்சா வலி"ன்னு எழுதுங்க, அதைப் படிக்கிறவர் உங்களுக்கு ஃபோன் பண்ணுவார்.

ஒரு வேண்டுகோள், ஸ்டீராய்டு ஆரம்பிச்சுட்டு அனுப்பாதீங்க. அவங்க கஷ்டத்தைப் பார்த்தா மனசு கேக்காது, எனக்குப் புரியுது, ஆனா வீக்கம் வடிஞ்ச கையை வச்சுக்கிட்டு நாங்க எதைத் தொட்டுப் பார்க்கறது? அவங்களும் சரியாப் போச்சுன்னு நினைச்சு வராமலே போயிடுவாங்க, மூணு மாசம் காணாமப் போயிடும். தாங்க முடியாத கஷ்டம்னா ஸ்பெஷலிஸ்ட்கிட்ட ஒரு ஃபோன் போட்டு கேட்டுட்டு குடுங்க.

கேள்வி: எனக்கு 27. ஒரு வருஷமா இடுப்பு வலி. டிஸ்க்குன்னு சொல்லி ரெஸ்ட் எடுக்கச் சொன்னாங்க, ரெஸ்ட் எடுத்தா ஜாஸ்தியாகுது. ராத்திரி மூணு நாலு மணிக்கு வலியில முழிப்பு வந்துடும், எழுந்து நடந்தா குறையும். இதுவும் வாதமா?

பதில்: இருக்கலாம் தம்பி. 45 வயசுக்கு முன்னாடி ஆரம்பிச்சு மூணு மாசத்தைத் தாண்டின இடுப்பு வலி, ராத்திரியோட பின்பாதியில எழுப்புறது, ஓய்வுல கூடி நடந்தா குறையறது, இது டிஸ்க் வலி போற போக்கு இல்ல. முதுகெலும்பைப் பிடிக்கிற ஆன்கிலோசிங் ஸ்பான்டிலைடிஸ்ங்கிற வாதமா இருக்கலாம், அந்த குடும்பத்தையே சேர்த்து ஆக்சியல் ஸ்பான்டிலோஆர்த்ரைடிஸ்னு இப்போ சொல்றோம். பின்பக்கம் ஒரு நாள் வலது புட்டம், ஒரு நாள் இடது புட்டம்னு மாறி மாறி வலிக்குதா, குதிகால் வலி உண்டா, கண்ணு சிவந்து வெளிச்சம் பார்க்க முடியாம போனது உண்டா, சொரியாசிஸ், அடிக்கடி ரத்தத்தோட வயித்துப்போக்கு? இதெல்லாம் சேர்த்து டாக்டர்கிட்ட சொல்லுங்க. எக்ஸ்ரே பல வருஷம் நார்மலா இருக்கும், இடுப்பு மூட்டோட பின்னாடி இருக்கிற சேக்ரோஇலியாக் மூட்டுக்கு எம்ஆர்ஐ எடுத்தாதான் ஆரம்பத்துல தெரியும். சரியான பேர் கிடைக்கவே பல வருஷம் அலையற நோய் இது. ரெஸ்ட்டை விட்டுட்டு தினமும் அசைவா இருங்க.

கேள்வி: சிக்குன்குனியா வந்து காய்ச்சல் போய் ரெண்டரை மாசம் ஆச்சு, கை மணிக்கட்டு, கணுக்கால் வீக்கம் போகல. எல்லாரும் தானா போயிடும்ங்கிறாங்க.

பதில்: பெரும்பாலானவங்களுக்கு தானாவே போகுது, சில வாரம், சில பேருக்கு சில மாசம். பார்வோ வைரஸ் மாதிரி வேற வைரஸும் முடக்கு வாதத்தை அப்படியே காப்பி அடிக்கும், சில வாரத்துல அடங்கிடும். ஆனா சிக்குன்குனியா வலி சில பேருக்கு வருஷக்கணக்கா கூட நிக்குது, அதோட காய்ச்சலுக்கு அப்புறம் வந்த எல்லா வீக்கமும் காய்ச்சலாலதான்னு நம்பிட முடியாது. வலி மட்டும்னா பொறுத்துப் பார்க்கலாம், கண்ணுக்குத் தெரியற வீக்கம் ஆறு வாரத்தைத் தாண்டினா போய்க் காட்டணும். நீங்க தாண்டிட்டீங்க.

கேள்வி: குழந்தை பிறந்து நாலு மாசம். ரெண்டு மணிக்கட்டும் வீங்கி குழந்தையைத் தூக்கவே முடியல, ராத்திரி விரல் மரத்துப் போகுது. பால் குடுக்கறதால வர்ற பலவீனம், சரியாயிடும்னு பெரியவங்க சொல்றாங்க. என் அத்தைக்கு முடக்கு வாதம் உண்டு.

பதில்: குழந்தையைத் தூக்கித் தூக்கி கட்டைவிரல் பக்கம் தசைநாண் உறை வீங்கறது புதுத் தாய்மார்களுக்கு சகஜம், ஆனா அது பெரும்பாலும் கட்டைவிரல் அடியில மட்டும் வலிக்கும். உங்களுக்கு ரெண்டு மணிக்கட்டும் வீங்கியிருக்கு, விரல் மரத்துப் போறது மணிக்கட்டுல வீக்கம் நரம்பை அழுத்தறதால வரலாம், குடும்பத்துலயும் இருக்கு. பிரசவத்துக்கு அப்புறம் வர்ற மாசங்கள்ல முடக்கு வாதம் புதுசா தலைகாட்டறது நல்லாவே தெரிஞ்ச விஷயம், ஆனா வீட்டுல எல்லாரும் குழந்தையையே பார்த்துக்கிட்டு இருக்கிறதால அம்மாவோட கையை யாரும் கவனிக்கிறது இல்ல. சீக்கிரம் போங்கம்மா. தாய்ப்பால் குடுக்கறதை முதல்லயே சொல்லிடுங்க, பால் குடுத்துக்கிட்டே எடுக்கக்கூடிய ஹைட்ராக்சிகுளோரோக்வின் மாதிரி மருந்துகள் இருக்கு, மருந்துக்கு பயந்து போகாம இருக்காதீங்க.

கேள்வி: என் மனைவிக்கு முடக்கு வாதம்னு கண்டுபிடிச்சு மெத்தோட்ரெக்சேட் எழுதியிருக்காங்க. அது கேன்சர் மருந்துன்னு மெடிக்கல்ல சொன்னாங்க. வாங்கி வச்சு மூணு வாரமா போடாம இருக்கோம்.

பதில்: கேன்சருக்கு வந்த மருந்துதான், உண்மை. ஆனா அங்க குடுக்கற அளவு வேற, இங்க வேற. அமெரிக்காவுல 1988லயே முடக்கு வாதத்துக்கு அனுமதி கிடைச்ச மருந்து, இன்னிக்கும் உலகம் முழுக்க முதல்ல எடுக்கறது இதைத்தான். வாரத்துக்கு ஒரே ஒரு நாள், 7.5லேர்ந்து 25 மில்லிகிராம் வரைக்கும், டாக்டர் சொல்ற ஃபோலிக் ஆசிட் மாத்திரையோட. தயவுசெய்து இதைப் பெருசா எழுதி ஒட்டுங்க: வாரத்துக்கு ஒரு தடவை. தினமும்னு தப்பா எண்ணி போட்டு உயிரே போனது உண்டு, அதனால எந்தக் கிழமைன்னு முடிவு பண்ணி சீட்டுலயும் எழுத வைங்க. ரத்த எண்ணிக்கை, லிவர், கிட்னி டெஸ்ட் சொன்ன தேதியில எடுக்கணும், மதுவை டாக்டர்கிட்ட கேட்டு கட்டுப்படுத்தணும். குழந்தை யோசனை இருந்தா இன்னும் ஆரம்பிக்காதீங்க, முதல்ல டாக்டர்கிட்ட சொல்லுங்க, கர்ப்பத்துல இது கூடவே கூடாது, மாத்து மருந்து இருக்கு. அப்படி இல்லைன்னா இந்த வாரமே டாக்டர்கிட்ட பேசி சந்தேகத்தைத் தீர்த்துக்கிட்டு ஆரம்பிங்க, அந்த மூணு வாரமும் நோய் சும்மா இருக்கல.

கேள்வி: விரல்ல சொடக்கு எடுத்தா வாதம் வருமா?

பதில்: வராது.

கேள்வி: என் பொண்ணுக்கு 3 வயசு. ஒரு மாசத்துக்கு மேல காலையில நொண்டி நொண்டி நடக்கறா, மதியம் ஓடறா. வலின்னே சொல்றது இல்ல. வளர்ச்சி வலியா?

பதில்: வளர்ச்சி வலி சாயங்காலமோ ராத்திரியோ வரும், ரெண்டு காலும் வலிக்கும், காலையில குழந்தை சாதாரணமா இருக்கும், நொண்டாது. காலையில நொண்டினா நான் அதை வளர்ச்சி வலின்னு சொல்ல மாட்டேன். சின்னக் குழந்தைங்க வலின்னு சொல்றதே கம்மி, தூக்கச் சொல்வாங்க, மாடி ஏற மாட்டாங்க, அவ்வளவுதான். ரெண்டு முழங்காலையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒண்ணு உப்பியிருக்கான்னு பாருங்க, குழந்தை டாக்டர்கிட்ட காட்டி கீல்வாதமான்னு கேளுங்க. அதுதான்னு உறுதியானா கண் டாக்டர்கிட்டயும் அவசியம் போகணும், குழந்தைகளுக்கு வர்ற வாதத்துல கண்ணுக்குள்ள அழற்சி சிவப்பும் இல்லாம வலியும் இல்லாம வந்து பார்வையைக் கெடுக்கும். காய்ச்சல், எடை குறையறது, ராத்திரி வலியில அழுது எழறது இதுல எது இருந்தாலும் காத்திருக்காம அன்னிக்கே காட்டுங்க.

கேள்வி: ஒரு முழங்கால் மட்டும் நேத்திலேர்ந்து திடீர்னு வீங்கி நெருப்பா கொதிக்குது, குளிர் காய்ச்சலும் இருக்கு. ருமட்டாலஜி அப்பாயின்ட்மென்ட் அடுத்த வாரம்தான்.

பதில்: இதுக்கு தனியா உடனே பதில் சொல்லிட்டேன், இதே மாதிரி யாருக்காவது வந்தா தெரியணும்னுதான் இங்கயும் எழுதறேன். ஒரே மூட்டு, திடீர் வீக்கம், சூடு, காய்ச்சல்னா மூட்டுக்குள்ள சீழ் பிடிச்சிருக்கலாம், அன்னிக்கே எமர்ஜென்சிக்கு போகணும், ஊசியால நீரை எடுத்துப் பார்க்கணும். சில நாள்லயே மூட்டு போயிடும், உயிருக்கும் ஆபத்து. கடைசியில யூரிக் ஆசிட்டால வர்ற கௌட்னு தெரிஞ்சாலும் போனது வீண் இல்ல. யூரிக் ஆசிட் அளவை மட்டும் நம்பாதீங்க, கௌட் உச்சத்துல இருக்கும்போதே அது நார்மலா வர்றது உண்டு.

கேள்வி: லெட்டர் வாங்கிட்டேன், ருமட்டாலஜிஸ்ட் தேதி ரெண்டு மாசம் தள்ளி கிடைச்சிருக்கு. அது வரைக்கும் என்ன பண்ண?

பதில்: முதல் வேலை, லெட்டர் குடுத்த டாக்டரையே ஃபோன் பண்ணி தேதியை முன்னாடி கேக்கச் சொல்லுங்க, டாக்டர் டாக்டர்கிட்ட பேசினா கிடைக்கிற இடம் நாம கவுண்டர்ல கேட்டா கிடைக்காது. யாராவது வராம போனா அந்த நேரத்தைக் குடுங்கன்னு பேரை எழுதி வைங்க. வீக்கம் நல்லா இருக்கிற காலை நேரத்துல ரெண்டு கையையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஃபோட்டோ எடுங்க, முட்டி பிடிக்க முயற்சி பண்றதையும் ஒரு ஃபோட்டோ, நாங்க பார்க்கற மதிய நேரத்துல பாதி வீக்கம் வடிஞ்சிருக்கும், ஃபோட்டோதான் பேசும். எழுந்த நேரம், கை விட்ட நேரம், எந்த மூட்டுன்னு ஒரு வரி எழுதி வைங்க. வலிக்கு உங்க டாக்டர் எழுதினதை மட்டும் போடுங்க, கிட்னி, வயித்துப்புண், பிரஷர் இருந்தா அதை அவர்கிட்ட சொல்லிட்டு போடுங்க. பேர் ஒட்டாத பொட்டல மாத்திரை எதுவும் வேண்டாம், அதுல ஸ்டீராய்டு கலந்திருந்தா நோயும் மறையும் உடம்பும் கெடும், ஏற்கனவே பல வாரமா அந்த மாதிரி எடுத்துக்கிட்டு இருந்தா திடீர்னு நிறுத்தாம டாக்டர்கிட்ட எடுத்துக்கிட்டு போய் காட்டுங்க. புகை பிடிக்கிறவங்க இன்னிக்கே நிறுத்துங்க. நடுவுல வீக்கம் புது மூட்டுக்கு பரவினாலோ, கையால வேலையே ஓடலைன்னாலோ அந்த தேதிக்காக உக்காந்திருக்காதீங்க, மறுபடியும் உங்க டாக்டர்கிட்ட போங்க.